இக்கடிதத்தைக் கொண்டுவருபவர்

அந்தக் காகிதத்தை அக்கா லேமினேட் செய்து வைத்திருந்தார். ரேஷன் கார்டு, ஆதார், மகளின் சாதிச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில். 2022-இல் ஒரு நாள், தொழிலாளர் அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதை உருவி என் கையில் கொடுத்தார். "பாரு தம்பி, நீ அடிச்சுக் குடுத்ததுதான். பத்திரமா வெச்சிருக்கேன்."

வாங்கி வாசித்தேன். நான் அடித்த ஆங்கிலம்தான். கீழே முதலாளியின் கையெழுத்து, வயலட் மையில் கம்பெனி சீல். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. கடைசி வரி என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சுற்றி வளைத்து அங்கேதான் வந்து சேருவேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 24. சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 அமலுக்கு வந்தது. எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து நள்ளிரவிலிருந்து 21 நாள் நாடே மூடல் என்றார். இதைப் படிக்கிற பலர் அப்போது கல்லூரியில் இருந்திருப்பீர்கள். டல்கோனா காபி அடித்திருப்பீர்கள், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த தடி நாவலை எடுத்திருப்பீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, வாய்த்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். எனக்கு 24 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை. மருந்து கம்பெனிகளுக்குப் பெட்டி போவதால் எங்களுக்குப் பூட்டு இல்லை. உணவுப்பொருள், மருந்து, மருத்துவக் கருவி ஆகியவற்றுக்கான பேக்கேஜிங் தயாரிக்கும் தொழிற்கூடங்களை உள்துறை அமைச்சகத்தின் விலக்குப் பட்டியல் சேர்த்துக்கொண்டது. ஆக, நாங்கள் அத்தியாவசியம்.

"நாங்கள்" என்றால் யார்? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த மார்ச் 24 உத்தரவை இப்போது எடுத்துப் படித்துப் பாருங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் வந்தது. ரேஷன் கடை, பால், காய்கறி, வங்கி, ஏடிஎம், பெட்ரோல் பங்க், தொலைத்தொடர்பு, மின்சாரம், தண்ணீர், துப்புரவு எல்லாம் வரிசையாக இருக்கும். எல்லாமே சேவைகள், கடைகள், தொழிற்கூடங்கள். ஆள் எங்கேயும் இல்லை. அதில் ஒரு வாக்கியம் வரும்: இந்தக் கடும் கட்டுப்பாடுகள் அடிப்படையில் மனிதர்களின் நடமாட்டத்தைப் பற்றியவை, அத்தியாவசியப் பொருள்களின் நடமாட்டத்தைப் பற்றியவை அல்ல என்பதை அமல்படுத்தும் அதிகாரிகள் கவனத்தில் கொள்ள வேண்டும். முதல் தடவை படித்தபோது ஒன்றும் உறைக்கவில்லை. நாலாவது தடவைதான் சிரிப்பு வந்தது. பெட்டி போகலாம். பெட்டி ஒட்டுகிறவர் போகக் கூடாது. பெட்டி தானே ஒட்டிக்கொள்ளுமா?

இன்சிடென்ட் கமாண்டர்கள் பாஸ் கொடுப்பார்கள் என்று அதே உத்தரவில் இருந்தது. எங்கள் எஸ்டேட் பக்கம் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. நடைமுறையில் ரோட்டில் செல்லுபடியானவை மூன்றே மூன்று: யூனிஃபார்ம், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம். மூன்றையும் கொடுப்பது முதலாளி. ஒரு குடிமகன் ரோட்டில் நடக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசாங்கம் கடை ஓனரிடமும் கம்பெனி ஓனரிடமும் தூக்கிக் கொடுத்துவிட்டது. அதை யாரும் சட்டமன்றத்தில் பேசி முடிவெடுக்கவில்லை. வேறு வழி யோசிக்காததால் அப்படி ஆகிவிட்டது.

முதல் மூன்று நாள் கம்பெனி ரோலில் இருந்தவர்களுக்கு மட்டும் கடிதம் அடித்தோம். நாற்பது சொச்சம் பேர். பேஸ்டிங், ஸ்டிச்சிங், பண்டல் கட்டுவது, லோடு ஏற்றுவது இதெல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள், ரோலில் இருந்தவர்களைவிட அதிகம். அவர்களுக்குக் கடிதம் கிடையாது. அக்கா எட்டு வருஷமாகப் பேஸ்டிங் டேபிளில் நிற்கிறவர். திருமுல்லைவாயலிலிருந்து ரயிலில் வருவார். ரயில் நின்றுபோனதால் அன்றைக்கு நடந்து வந்தார். வழியில் பிடித்தார்கள். எனக்கு போன் வந்தது.

"தம்பி, இங்க ஏட்டையா கேக்குறாரு, நீயே சொல்லு."

அடுத்து ஏட்டையாவின் குரல். "யாருய்யா நீ? இந்தம்மா உங்க கம்பெனியா?"

"ஆமா சார், மருந்து பெட்டி பண்றோம் சார், பர்மிஷன் இருக்கு சார்."

"கம்பெனிக்கு இருக்குய்யா. இவங்களுக்கு இருக்கா? பேப்பர் எங்க?"

சட்டப்படி சரியான கேள்வி அது. உத்தரவை என் முதலாளியைவிட அந்த ஏட்டையா ஒழுங்காகப் படித்திருந்தார். அக்காவிடம் பட்டன் போன், வாட்சாப்பில் எதையும் அனுப்ப வழியில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா அடி வாங்கவில்லை, அது அன்றைய அதிர்ஷ்டம். அந்த வாரங்களில் டெலிவரி பையன்களும் பால் வண்டிக்காரர்களும் லத்தி அடி வாங்கிய வீடியோக்களை நீங்களும்தான் ஃபார்வர்டு செய்தீர்கள். சிலர் சிரிக்கிற ஸ்மைலி போட்டு. மூன்று மாதம் கழித்து சாத்தான்குளத்தில், நேரம் கடந்து கடை திறந்திருந்தது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போன அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. அதன் பிறகுதான் அந்த ஸ்மைலிகள் நின்றன.

அக்காவுக்கு அன்றைய கூலி இல்லை. ஊரடங்குக் காலத்துக்குக் கூலி பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29-இல் உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. முதலாளி கான்ட்ராக்டரைக் கை காட்டினார். கான்ட்ராக்டர் வானத்தைக் காட்டினார். மே மாதம் அந்த உத்தரவே வாபஸ் ஆகிவிட்டது.

பிறகு மருந்து கம்பெனியின் ஆர்டர் நெருக்கியது. கான்ட்ராக்ட் ஆட்கள் இல்லாமல் ஒரு பண்டல்கூட வெளியே போகாது என்பது முதலாளிக்கு உறைத்தது. "எல்லாருக்கும் லெட்டர் அடி" என்றார். அடிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் ஆடிட்டரிடமிருந்து போன். நல்ல மனுஷன், அப்பா வயது, அதட்டிப் பேசவே மாட்டார்.

"தம்பி, அந்தக் கான்ட்ராக்ட் ஆளுங்க லெட்டர்ல 'எம்ப்ளாயி'ன்னு போட்டுடாதீங்க. நாளைக்கு லேபர் கோர்ட்ல அதையே தூக்கிக் காட்டுவாங்க. கான்ட்ராக்டர் பேரப் போடுங்க. கடைசில நான் ஒரு லைன் அனுப்புறேன், அதச் சேத்துக்குங்க."

அனுப்பினார். சேர்த்தேன். தமிழில் சொன்னால் அந்தக் கடிதம் இப்படி இருக்கும்: "இக்கடிதத்தைக் கொண்டுவருபவர், எங்கள் ஒப்பந்ததாரர் மூலமாக, எங்கள் வளாகத்தில் நடைபெறும் அத்தியாவசிய உற்பத்திக்குத் தேவைப்படுகிறார். அவரை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இக்கடிதம் எங்கள் நிறுவனத்துக்கும் மேற்படி நபருக்கும் இடையே எவ்விதப் பணி உறவையும் ஏற்படுத்தாது."

மூன்று வாக்கியம். நீ இல்லாமல் எங்களால் முடியாது என்பது முதல் வாக்கியம். உனக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்பது மூன்றாவது. ஒரே பக்கம், ஒரே கையெழுத்து.

அறுபத்து சொச்சம் பேருக்குப் பெயரை மாற்றி மாற்றிப் பிரின்ட் எடுத்தேன். பசங்க எல்லாரும் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார்.

ஆடிட்டரை வில்லனாக்கி இதை முடித்துவிடலாம். ஆனால் அவர் பயந்தது நியாயமான பயம். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970 எழுதப்பட்ட நோக்கம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் கான்ட்ராக்ட் முறையைக் கட்டுப்படுத்துவது, முடிந்த இடத்தில் ஒழிப்பது. 2001-இல் செயில் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், கான்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. கான்ட்ராக்ட் வெறும் போர்வைதான் என்று தொழிலாளி தரப்பு தீர்ப்பாயத்தில் போய்க் காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? காகிதத்தை வைத்துத்தான். சம்பளம் வவுச்சரில், வருகைப் பதிவு கான்ட்ராக்டரிடம், ஐடி கார்டு கிடையாது. எட்டு வருஷத்தில் அக்காவின் பெயரும் கம்பெனியின் சீலும் ஒன்றாக விழுந்த ஒரே காகிதம் அந்த ஊரடங்குக் கடிதம். ஆடிட்டருக்கு இது தெரியும். அக்காவுக்கும் ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் லேமினேட் செய்கிறார்? எனக்குத்தான் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் பாதிப் பொய்தான்.

நெருக்கடிக் காலத்தில் ஒருவரை அத்தியாவசியப் பணியாளர் என்று எழுதிக் கொடுப்பது நடமாட்ட அனுமதி மட்டும் இல்லை, வேலைக்கான அத்தாட்சியும்கூட. அதனால்தான் முதலாளிகள் அதைக் கொடுக்கத் தயங்குகிறார்கள், கொடுத்தாலும் விஷம் தடவிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் அந்த அதிகாரம் முதலாளிகளிடம் இருக்கவே கூடாது என்கிறேன்.

"அத்தியாவசியம்" என்ற சொல்லின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1955-இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம். அரிசியைப் பதுக்காதே, மண்ணெண்ணெயைப் பதுக்காதே. அங்கே அத்தியாவசியம் என்பது சரக்கு. பிறகு எஸ்மா, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம். இங்கே அத்தியாவசியம் என்றால் வேலைநிறுத்தம் செய்யாதே என்று பொருள். தமிழ்நாட்டில் டெஸ்மா 2002-இல் வந்தது. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலையைவிட்டு நீக்கியது. ஆகஸ்ட் 6 அன்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்றது. திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். உங்கள் வீட்டில் ஒரு வாத்தியாரோ வி.ஏ.ஓ.வோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், இப்போதும் குரல் மாறும்.

2020-இல் அதே சொல்லை வாழ்த்துப் பாவாக மாற்றினார்கள். கை தட்டினோம், தட்டு தட்டினோம், விளக்கு ஏற்றினோம். விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள்மேல் பூ தூவின. துப்புரவுப் பணியாளர்கள் தூய்மைப் பணியாளர்கள் ஆனார்கள், முன்களப் பணியாளர்கள் ஆனார்கள். பொருள் மட்டும் மாறவில்லை. நீ நின்றால் எங்களுக்கு ஓடாது, ஆகவே நிற்காதே. அதற்குமேல் அந்தச் சொல்லிடமிருந்து அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மறுபடியும் அதே கதை ரயிலில். 2020 அக்டோபர் 5 முதல் சென்னைப் புறநகர் ரயில்கள் ஓடின, அரசின் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும். பிறகு தனியார் நிறுவனங்களின் அத்தியாவசிய ஊழியர்களையும் ஏற்றினார்கள், அடையாள அட்டையும் நிறுவனத்தின் கடிதமும் காட்டினால். பொதுமக்கள் ஏற டிசம்பர் 23 ஆனது, அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில். கான்ட்ராக்ட் அக்காவிடம் ஐடி கார்டு ஏது? அத்தனை மாதமும் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியவர் ஷேர் ஆட்டோவில் மாறி மாறி வந்தார். போக வரச் செலவு அவர் கையிலிருந்து. ரயில் பக்கத்திலேயே பாதி காலியாகப் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்களுக்குப் பெரிய விஷயம் ஒன்று சொல்கிறேன். கோவிட் பணியில் இறக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு 2020 மார்ச்சில் அறிவித்தது. நவி மும்பையில் தனியாக கிளினிக் நடத்திய ஒரு மருத்துவர். கிளினிக்கைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை என்று மாநகராட்சி அவருக்கு மார்ச் 31 அன்று நோட்டீஸ் அனுப்பியது. ஜூன் 10 அன்று கோவிட்டில் இறந்துபோனார். மனைவி காப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். கிடையாது என்றார்கள். அந்த நோட்டீஸ் கிளினிக்கைத் திறக்கத்தான் சொன்னது, கோவிட் பணிக்காக அவரை அரசு முறைப்படி அழைக்கவில்லை என்பது காரணம். 2021 மார்ச்சில் பாம்பே உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றது. உச்ச நீதிமன்றம் இதைத் திருத்த 2025 டிசம்பர் ஆனது. அன்றைய சட்டங்களும் உத்தரவுகளுமே மருத்துவர்களைப் பணிக்கு அழைத்ததற்குச் சமம், தனித்தனி ஆணை தேடக் கூடாது என்றது. மகிழ்ச்சி. ஆனால் இறந்தவர் கோவிட் தொடர்பான பணியில்தான் இறந்தார் என்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக ஆதாரம் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஐந்தரை வருஷம் கழித்து. கிளினிக் ரெஜிஸ்டரை எங்கே போய்த் தேடுவது?

திறக்காவிட்டால் வழக்கு என்று சொல்லும்போது ஒரு நோட்டீஸ் போதுமானதாக இருக்கிறது. செத்த பிறகு பணம் கேட்கும்போது அதே நோட்டீஸ் போதவில்லை. மருத்துவருக்கே இந்தக் கதி என்றால் வார்டில் பெருக்கிய கான்ட்ராக்ட் அம்மாவுக்கு என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் எத்தனை மருத்துவப் பணியாளர்கள் இறந்தார்கள் என்று கேட்டபோது, சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, மத்திய அளவில் அந்தத் தரவு பராமரிக்கப்படவில்லை என்று இணை அமைச்சர் பதில் சொன்னார். இந்திய மருத்துவச் சங்கம் கொதித்துப்போய், இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. முந்தின நாள்தான் புலம்பெயர் தொழிலாளர்களின் சாவு பற்றியும் அதே பதில். தரவு இல்லை. எப்படி இருக்கும்? யார் வேலையில் இருந்தார்கள் என்று எழுதி வைத்தால்தானே யார் வேலையில் செத்தார்கள் என்று எண்ண முடியும்.

இஎஸ்ஐ கழகம் 2021-இல் ஒரு கோவிட் நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. காப்பீட்டாளர் இறந்தால் குடும்பத்துக்கு அவருடைய சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம். உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பே இஎஸ்ஐயில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்ய வேண்டியது யார்? கான்ட்ராக்டர்.

சரி, என்ன எதிர்வாதம் வரும் என்று தெரியும். இணைய இதழ்களில் பின்னூட்டம் படித்து வளர்ந்தவன்தான் நானும்.

முதலில், நெருக்கடியில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்பார்கள். தமிழ்நாடு அரசுக்கு இ-பாஸ் தளம் கட்ட நேரம் இருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மாவட்டம் தாண்ட ஆதாரைப் பதிவேற்று, பத்திரிகையைப் பதிவேற்று, இறப்புச் சான்றைப் பதிவேற்று என்று கேட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு இ-பாஸ் எடுத்துக் கொடுத்தவர்களைக் கைது செய்யும் அளவுக்கு அது ஒரு தொழிலாக வளர்ந்தது. கடைசியில் 2020 ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் கார்டு எண்ணும் போன் நம்பரும் கொடுத்தால் விண்ணப்பித்தவுடனே அனுமதி என்றார்கள். செப்டம்பரில் மாவட்டங்களுக்கு இடையிலான இ-பாஸையே எடுத்துவிட்டார்கள். ஆக, போன் நம்பரும் ரேஷன் கார்டும் போதும் என்பது அரசுக்கே தெரிந்திருந்தது. அந்த வசதியைப் பயணிக்குக் கொடுத்தார்கள், பணியாளருக்குக் கொடுக்கவில்லை.

அடுத்து, நம்ம ஆட்கள் சிலர் ஃபூக்கோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காகிதமே கண்காணிப்பு, அட்டையே அதிகாரம், இன்னொரு அட்டையைக் கேட்கிறாயா என்பார்கள். நண்பர்களே, உங்கள் பர்ஸில் எத்தனை அட்டை இருக்கிறது? டிரைவிங் லைசென்ஸ், பான், ஆபீஸ் ஐடி, நூலக அட்டை. காகிதத்தை வெறுக்கும் சொகுசு காகிதம் நிறைய உள்ளவனுக்குத்தான் வாய்க்கும். அக்கா அந்த ஒன்றை லேமினேட் செய்தார்.

அமெரிக்காவில் இதைவிட விசித்திரம் நடந்தது. முக்கியக் கட்டமைப்புப் பணியாளர்கள் யார் யார் என்று 2020 மார்ச் 19-இல் அங்கே ஒரு அரசு முகமை பட்டியல் வெளியிட்டது. அதுவும் வெறும் பரிந்துரை, கடிதத்தை அங்கேயும் முதலாளிதான் எழுதினார். கலிபோர்னியாவில் பழமும் கீரையும் பறிக்கிற, குடியேற்ற ஆவணம் இல்லாத மெக்சிகோ தொழிலாளர்கள், உணவு வழங்கலுக்கு இவர் முக்கியமானவர் என்ற கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நாட்டில் இருக்கவே உனக்கு உரிமை இல்லை என்கிற அரசின் துறைதான், நீ இல்லாமல் நாடு சாப்பிட முடியாது என்கிற பட்டியலையும் போட்டது. அந்தக் கடிதத்தைக் காட்டி யாருக்கும் குடியுரிமை கிடைக்கவில்லை. என்னுடைய மூன்றாவது வாக்கியத்தை அங்கே யாரும் தனியாக அடிக்கத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

என்ன வேண்டும் என்று கேட்டால் இதுதான். அடுத்த பேரிடர் வரும். புயலோ வெள்ளமோ காய்ச்சலோ, சென்னைக்கு அதற்குப் பஞ்சம் இல்லை. அப்போது வேலைக்கு வரச் சொல்லப்படும் ஒவ்வொருவரும் தானே, தன் போனிலிருந்தோ வார்டு அலுவலகத்திலோ, நான் இந்த இடத்தில் இந்த வேலை செய்கிறேன் என்று பதிவு செய்ய வழி வேண்டும். முதலாளிக்கு ஒரு நாள் அவகாசம். மறுக்க வேண்டுமானால் காரணத்தோடு மறுக்கட்டும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பாஸ் அரசின் பெயரில், தொழிலாளியின் கையில், தமிழில். எந்த இடத்தில் வேலை, யாருக்காக, எந்தத் தேதியிலிருந்து என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு நெருக்கடி முடிந்ததும் அழியக் கூடாது. கூலி வழக்கிலும் காப்பீட்டிலும் இஎஸ்ஐயிலும் அதுவே முதல் ஆதாரமாக நிற்க வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். "பணி உறவை ஏற்படுத்தாது" போன்ற வரிகள் அதில் இருந்தால் செல்லாது.

போலி வரும் என்பார்கள். வரட்டும். யாரோ ஒருவர் பொய்யாகப் பதிந்து மளிகைக் கடைக்குப் போய்விட்டு வந்தால் வானம் இடிந்துவிடாது. போலி பாஸ் விற்றது பாஸ் கிடைக்காததால்தான்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன, எல்லா ஊழியர்களுக்கும் நியமனக் கடிதம் கட்டாயம், இனி பிரச்சினை இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். கட்டாயம்தான். யார் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கான்ட்ராக்டர் கொடுப்பார். அதில் என் கம்பெனியின் சீல் இருக்காது. ஆடிட்டர் நிம்மதியாகத் தூங்குவார்.

பூ தூவியதெல்லாம் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க 2025 ஆகஸ்டுக்கு வாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். கொரோனாவில் வேலை செய்தோமே என்றார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியது. ஆட்சி மாறியிருந்தது, கட்சி மாறியிருந்தது. 2020-இல் அவர்களை முன்களம் என்று சொன்ன வாய்களில் எதுவும், அந்தப் பட்டத்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதித் தந்திருக்கவில்லை.

அக்காவிடம் திரும்பி வருகிறேன். 2022-இல் ஆர்டர் குறைந்தது, ஒரு ஆட்டோமேட்டிக் மெஷின் வந்தது. பேஸ்டிங் டேபிளில் இருந்த கான்ட்ராக்ட் பெண்கள் எல்லாரையும் வர வேண்டாம் என்றார்கள். நோட்டீஸ் இல்லை, கணக்கு இல்லை. பக்கத்து கம்பெனி யூனியன்காரர் ஒருவர் உதவியில் மனு போட்டார்கள். நான் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தேன். துணைக்கு வா தம்பி என்று கூப்பிட்டார், போனேன். சமரசப் பேச்சில் அக்கா பெருமையாக அந்த லேமினேட் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். கம்பெனி தரப்பில் வந்தவர் அதை எடுத்துப் பார்த்தார். திருப்பி வைக்கவில்லை, அதிகாரியிடமே நீட்டினார்.

"கடைசி லைன் பாருங்க சார். அவங்க குடுத்த டாகுமென்ட்லயே இருக்கு."

வெளியே வந்து டீ குடித்தோம். "என்னவோ கடைசி லைன்னாங்களே, அது என்னா தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். யார் அடித்தது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "லேமினேஷனுக்கு முப்பது ரூபா குடுத்தேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகும் பொங்கலுக்கு போன் செய்கிறார்.

சமரசம் முறிந்து வழக்கு இப்போது கோர்ட்டில். ஊரடங்குக் கால கேட் ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி அக்கா தரப்பில் மனு போட்டிருக்கிறார்கள். கிருமிநாசினி தெளித்து, டெம்பரேச்சர் எழுதி, உள்ளே வந்த ஒவ்வொருவர் பெயரையும் நேரத்தையும் குறித்த ரெஜிஸ்டர் அது. கான்ட்ராக்ட், ரோல் என்று அதில் பிரிக்கவில்லை. காய்ச்சலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதால் பிரிக்கத் தோன்றவில்லை. அப்படி ஒரு ரெஜிஸ்டரே கிடையாது என்கிறது கம்பெனி. இருந்தது. மார்ச் கடைசியிலிருந்து அதை எழுதியவன் நான்தான். அடுத்த வாய்தாவில் கூண்டேறி அதைச் சொல்லப்போகிறேன்.